கூடைப் பலகை: அசைவு முடிந்த பிறகு

2025 மார்ச் 3, திங்கள்

நான் எழுதும் மளிகை ஆர்டர் பக்கத்தில், வாங்கப்போகும் பொருட்களைக் காட்டும் கூடைப் பலகை வலது ஓரத்திலிருந்து 300 மில்லிசெகண்டில் வழுக்கி வருகிறது. வந்து நின்றதும் சட்டென்று மறைந்துவிடுகிறது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அனிமேஷனின் இயல்பே அதுதான். ஓடும்வரைதான் அதன் மதிப்புகள் செல்லும். முடிந்ததும் எலிமெண்ட், அதாவது பக்கத்தின் அந்தத் துண்டு, தன் சொந்த ஸ்டைலுக்குத் திரும்பிவிடும். பலகையின் சொந்த இடம் திரைக்கு வெளியே. அசைவு முடிந்த பிறகு என்ன ஆகவேண்டும் என்று சொல்லும் ஃபில் மோடை ‘ஃபார்வர்ட்ஸ்’ ஆக்கினேன், கடைசி கீஃப்ரேமிலேயே, அதாவது அசைவின் கடைசி நிலையிலேயே நின்றது. சரி, வேலை முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

முடியவில்லை. பலகையை விரலால் இழுத்து மூடும் வசதியை இன்று சேர்த்தேன். பிரவுசரின் சோதனைக் கருவியான இன்ஸ்பெக்டரில், எலிமெண்டின் மேலேயே எழுதிய (இன்லைன்) டிரான்ஸ்ஃபார்ம், அதாவது இடம் நகர்த்தும் மதிப்பு, 40, 80, 120 பிக்சல் என்று ஏறுகிறது. திரையில் பலகை அசையவே இல்லை. மதியம் முழுக்க, விரல் தொடுவதைத் தெரிவிக்கும் டச் ஈவென்டுகளைத்தான் சந்தேகப்பட்டேன். குற்றவாளி நேற்று வைத்த ஃபார்வர்ட்ஸ். அந்த அனிமேஷன் முடிந்தும் பிடியை விடவில்லை. எந்த ஸ்டைல் வெல்லும் என்று முடிவுசெய்யும் கேஸ்கேட் வரிசையில் அனிமேஷன் மதிப்பு இன்லைன் ஸ்டைலுக்கும் மேலே நிற்கும், ‘இம்பார்ட்டன்ட்’ என்ற கட்டாயக் குறி போட்டால்தான் அதை வெல்லலாம். அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 5, புதன்

“அக்கா, உறுதிசெய்யும் பட்டன் எங்கே?” என்று கேட்டான் சோதித்துப் பார்த்த தம்பி. அந்தப் பட்டன் இருக்கும் பட்டை, உருட்டினாலும் நகராமல் திரையின் அடியில் ஃபிக்ஸ்டாக நிற்கவேண்டியது, பட்டியலை உருட்டும்போது அதனுடன் சேர்ந்து மேலே போகிறது. இதுவும் அதே ஃபார்வர்ட்ஸின் வினைதான். கடைசி கீஃப்ரேமில் ‘டிரான்ஸ்லேட்எக்ஸ் 0’ இருக்கிறது, பக்கவாட்டில் பூஜ்யம் நகர்த்து என்ற டிரான்ஸ்ஃபார்ம். பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் இருந்தாலும், பிரவுசருக்கு அது ‘நன்’ (டிரான்ஸ்ஃபார்மே இல்லை) அல்ல. டிரான்ஸ்ஃபார்ம் இருக்கும்வரை உள்ளே உள்ள ஃபிக்ஸ்ட் எலிமெண்டுக்குத் திரை அல்ல, அந்தப் பலகைதான் எல்லை. காசு கட்டும் இடத்திலேயே ஒருவரைத் தேடவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். முதல் வரியிலேயே ஸ்டைலில் இறுதி நிலையை எழுதிவிடுகிறேன்: திறந்தால் ‘நன்’, மூடினால் 100 சதவீதம் வலப்பக்கம். அடுத்த வரியில்தான் அசைவைத் தொடங்கும் ‘அனிமேட்’ கட்டளை, ஃபில் எதுவும் இல்லாமல். பலகை எங்கே நிற்கவேண்டும் என்பது ஸ்டைலின் பொறுப்பு. எப்படி வந்து சேர்கிறது என்பது மட்டும் அனிமேஷனுடையது. இரண்டும் ஒரே மூச்சில் ஓடுவதால் நடுவில் மினுக்கலும் இல்லை.

பாதி வழியில் ஒருவர் மறுபடி தட்டினால்? எலிமெண்டின் நடப்பு ஸ்டைலைச் சொல்லும் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைலில் அந்த நொடியின் மதிப்பை எடுத்துக்கொண்டு, பழையதை கேன்சல் செய்து, அங்கிருந்தே புதியதைத் தொடங்குகிறேன். மூடி முடிந்ததும் பலகையை மறைக்கும் வேலை, அசைவு முடிந்ததா என்று பின்னால் தெரிவிக்கும் ‘ஃபினிஷ்ட்’ பிராமிஸில் இருக்கிறது. கேன்சல் ஆனால் அது ரிஜெக்ட் ஆகிவிடும், அதாவது முடியவில்லை என்று தெரிவிக்கும்; மறைக்கும் வேலை நடக்காது. அதனால் பழைய மூடல், இப்போது திறந்திருக்கும் பலகையை மறைத்துவிடாது. அந்த ரிஜெக்ட் பிழையாக வெளியே தெரியாமல் பிடிக்க ஒரு ‘கேட்ச்’ மட்டும் வேண்டும்.

அப்புறம், போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு அனிமேட் வரியையே தாண்டிவிடுகிறேன். பலகை நேராக வந்து நிற்கிறது. தம்பியிடம் போனைக் கொடுத்தேன். கட்டைவிரலால் படபடவென்று பத்துப் பதினைந்து தடவை தட்டினான். கடைசித் தட்டில் திறந்தது, அப்படியே நின்றது. பட்டன் அடியில் இருந்தது.