மணிக்கூண்டும் கடன் நோட்டும்

சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் ஒரு மொத்தக் கடையில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். தினமும் ஊர் நடுவில் இருக்கும் மணிக்கூண்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். முதல் உலகப்போரில் இறந்தவர்களின் நினைவுச்சின்னம் என்று மட்டும் தெரியும். அதிலுள்ள கடிகாரத்தை ஓலாப் நெல்சன் என்ற வியாபாரி, 1918 ஃப்ளூ காய்ச்சலில் பறிகொடுத்த தன் ஒரே மகனின் நினைவாகக் கொடுத்தார் என்று முதலாளி ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அந்த மணியோசை எனக்கு வேறு மாதிரி கேட்டது.

அப்போது சமோவா நியூசிலாந்து ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து வந்த டலூன் கப்பலில் ஃப்ளூ நோயாளிகள் இருந்தும், அதிகாரிகள் அதைத் தடுத்து வைக்காமல் கரைக்கு விட்டார்கள், சமோவாவில் ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்கள். நெல்சன் தன் அம்மாவையும் அதில்தான் இழந்தார். அப்பா ஸ்வீடன்காரர், அம்மா சமோவாக்காரர், தொழில் கொப்பரை வியாபாரம் (உலகச் சந்தையில் அதற்கு வழங்கும் பெயரே நம் பக்கத்துச் சொல்தான்). தீவிலேயே பெரிய பணக்காரர். 1924-இல் சட்டசபைக்குத் தேர்வானார், அப்புறம் நியூசிலாந்து ஆட்சியை எதிர்த்த மௌ இயக்கத்தில் முன்னால் நின்றார். 1928-இல் ஐந்து வருடம் நாடு கடத்தினார்கள். ஜெனீவாவில் இருந்த உலக நாடுகள் சங்கம் (League of Nations) வரை போய் முறையிட்டார். திரும்பி வந்த மறுவருடமே எட்டு மாதச் சிறை, கூடவே பத்து வருட நாடு கடத்தல். நியூசிலாந்தில் ஆட்சி மாறியதால்தான் 1936-இல் வீடு திரும்பினார். கொப்பரை வியாபாரத்தில் அரசு கைவைத்ததால் கிளம்பியவர் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கோபமும் இருந்திருக்கும். ஆனால் லாபத்துக்காக மட்டும் ஒருவர் இத்தனையும் தாங்குவார் என்று நான் நம்பவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தது எங்கள் கடைதான். முதலாளி தன் கிராமத்தில் மதாய், அதாவது குடும்பத் தலைவர் பட்டம் உள்ளவர், அரசிடம் அந்த ஊருக்காகப் பேசுபவரும் அவர்தான். ஒருநாள் அவர் ஊர்க்கார அம்மா ஒருவர் வந்து இழவு வீட்டுக்கு இருபது பெட்டி மீன் டின் கடனாகக் கேட்டார். பழைய பாக்கியே நிற்கிறது என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன். முதலாளி நோட்டை மூடிவிட்டு, பெட்டிகளைத் தானே வண்டியில் ஏற்றினார்.

"இப்போது கொடுக்காவிட்டால் ஊர்ச்சபையில் என் பேச்சை யார் கேட்பார்கள்?" என்றார். அவர் குரலில் கணக்குப் பார்த்த தொனியே இல்லை, அவருக்கும் அது துக்க வீடுதான்.

அந்தக் கடன் முழுதாக வர ஏழு மாதம் ஆனது. கடைசித் தவணையோடு ஓலைக்கூடை நிறைய சேப்பங்கிழங்கும் வந்தது, பாதியை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.