முட்டை வெள்ளையும் 1650ம்

நேத்து லேப்ல வேலை முடிஞ்சதும் சும்மா இருக்காம, முட்டை வெள்ளைல ஒரு சொட்டு எடுத்து ஐஆர் மெஷினோட (அகச்சிவப்பு ஒளிய எந்தப் பொருள் எங்க உறிஞ்சுதுன்னு காட்டுற கருவி) மாதிரி வைக்கிற குட்டி வைரத்து மேல வச்சு ஓட்டிப் பாத்தேன்.

புரோட்டீன்ல நாம பாக்குறது 1600ல இருந்து 1700 வரைக்கும் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலைங்குற கணக்கு, இங்க வர்ற எண்ணெல்லாம் அதுதான்) ஒளிய உறிஞ்சுற இடம், அதுக்குப் பேரு 'அமைட் ஒன்னு' பட்டை. அமினோ அமிலங்களச் சங்கிலியா கோக்குற பெப்டைட் பிணைப்புல இருக்குற கார்பன்-ஆக்சிஜன் ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்குறதுதான் இது. சங்கிலி ஆல்ஃபா சுருளா சுத்தியிருந்தா 1650 பக்கம் நிக்கும், பீட்டா தகடா மடிஞ்சிருந்தா ஹைட்ரஜன் பிணைப்பு இழுக்குற இழுப்புல 1630க்கு இறங்கிரும். எலியட், ஆம்ப்ரோஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1950லயே இதக் கண்டுபிடிச்சுட்டாங்க, டிஎன்ஏ வடிவம் தெரியுறதுக்கு முன்னாடியே!

ஆனா தண்ணி இருக்கே, அதுதான் வில்லன். அதோட வளைவு அதிர்வும் கரெக்டா 1645 கிட்ட வந்து உக்காந்துக்கும், அதனாலதான் புரோட்டீன கனநீர்ல (சாதா ஹைட்ரஜனுக்குப் பதிலா அதோட கனமான வகை இருக்குற தண்ணி) கரைக்கிறது, அதுல அந்தப் பட்டை 1210 பக்கம் ஓடிரும். பத்தாததுக்கு மெஷினுக்குள்ள இருக்குற ஈரக்காத்த வெளியேத்த நைட்ரஜன் சரியா விடாம அவசரப்பட்டு ஓட்டிட்டேன், காத்துல இருந்த ஈரம் பட்டை மேல முள்ளு முள்ளா நட்டு வச்சிருச்சு, அந்த முள்ளையெல்லாம் சிகரம்னு நம்பி அரை மணி நேரம் போச்சு :)

அப்புறம் அதே வெள்ளைய வேகவச்சு எடுத்தேன் பாருங்க, 1620 கிட்ட சிகரத்தோட பக்கத்துல புதுசா ஒரு தோள்பட்டை மாதிரி புடைப்பு எழும்பியிருக்கு! சுருள் அவிழ்ந்து பக்கத்து சங்கிலிகளோட தகடு தகடா ஒட்டிக்கிட்ட அடையாளம் அது. மிச்ச முட்டைக்கு மிளகுத்தூள் போட்டாச்சு.