மார்க் போலனின் வலது கை

பிரிட்டிஷ் ராக் பாடகரும் கிட்டார் கலைஞருமான மார்க் போலன் என்று பேச்செடுத்தாலே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அவர் 1971-இல் கண்ணுக்குக் கீழே மினுக்குப் பொடி ஒட்டிக்கொண்டு டிவியில் 'ஹாட் லவ்' பாடிய டி. ரெக்ஸ் நாயகன், மினுமினுப்பான உடையும் ஒப்பனையுமாக வந்த கிளாம் ராக்கைத் தொடங்கி வைத்தவர். இன்னொரு கட்சிக்கு, அதற்கு முன் மேடையில் சம்மணம் போட்டு அக்கூஸ்டிக் (மின்சாரம் வேண்டாத மரக் கிட்டார்) வாசித்தவர்தான் அசல் போலன். எலக்ட்ரிக் எல்லாம் பிறகு வந்த வியாபாரம். உண்மையில் இரண்டு கட்சியும் கேட்பது ஒரே வலது கையைத்தான். கருவி மாறியது, கூட வாசித்தவர்கள் மாறினார்கள். கம்பியைத் தட்டும் விதம் மாறவில்லை.

சந்தேகம் இருந்தால் 'ஒன் இன்ச் ராக்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் அது சிங்கிளாக வந்தபோது டைரனோசாரஸ் ரெக்ஸ் என்பது இரண்டே பேர்: போலனின் அக்கூஸ்டிக் கிட்டார், ஸ்டீவ் பெரிக்ரின் டுக்கின் பாங்கோஸ் (கையால் தட்டும் சின்ன இரட்டை முரசு). குழுவின் பெயரை டி. ரெக்ஸ் என்று சுருக்கிக்கொண்ட பிறகு 1970 டிசம்பரில் வந்த 'டி. ரெக்ஸ்' ஆல்பத்தில் அதே பாட்டு எலக்ட்ரிக்கில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, குரலை விட்டுவிட்டு, பிக் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) கம்பியில் படும் இடத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு தட்டு நீளம், அடுத்தது குட்டை. அந்த ஆட்டம் இரண்டிலும் ஒன்றேதான். எலக்ட்ரிக் வந்ததும் கார்டுகள் சிக்கலாகவில்லை. இடைவெளிதான் கூடியிருக்கிறது.

அக்கூஸ்டிக் காலத்தில் மொத்தம் நான்கு ஆல்பம். 'மை பீப்பிள் வேர் ஃபேர்' என்று தொடங்கும் நீளப் பெயர்கொண்ட முதல் ஆல்பமும் 'ப்ராஃபெட்ஸ், சியர்ஸ் அண்ட் சேஜஸ்' ஆல்பமும் 1968-இல் வந்தன. 1969-இல் 'யூனிகார்ன்'. 1970 மார்ச்சில் 'எ பியர்ட் ஆஃப் ஸ்டார்ஸ்'. நான்குக்கும் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. புதிதாகக் கேட்பவர்கள் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்கினால் பாதியில் விட்டுவிட வாய்ப்பு அதிகம். ஒலி மெலிந்தது, போலனின் உச்சரிப்பு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே பிடிபடாது. 'யூனிகார்ன்' தான் சரியான வாசல். ஒலி அகன்றிருக்கிறது, பியானோவும் டிரம்ஸும் எட்டிப் பார்க்கின்றன, டுக்கின் மேல்ஸ்தாயிக் குரல் தெளிவாகப் பிரிந்து கேட்கிறது. அதில் பழகிய காது முதல் ஆல்பத்துக்குத் திரும்பிப் போனால் அங்கே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். 1972-இல் போலன் புகழின் உச்சியில் இருந்தபோது முதல் இரண்டு ஆல்பங்களையும் சேர்த்து இரட்டை எல்.பி.யாக (வினைல் இசைத்தட்டாக) மறுபடி வெளியிட்டார்கள். அது பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது.

1969 அமெரிக்கப் பயணத்துக்குப் பிறகு டுக் விலக்கப்பட்டு மிக்கி ஃபின் வந்தார். 'எ பியர்ட் ஆஃப் ஸ்டார்ஸ்' ஆல்பத்தில் எலக்ட்ரிக் கிட்டார் நுழைகிறது. அதன் கடைசிப் பாட்டான 'எலிமென்டல் சைல்ட்' முடியும்வரை எழுந்து போகாதீர்கள். அடுத்து வரப்போவது முழுவதும் அதில் கருவாக இருக்கிறது.

1970 அக்டோபரில் 'ரைட் எ ஒயிட் ஸ்வான்' சிங்கிள் வந்து பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதில் டிரம் செட் கிடையாது. கிட்டாரும் பேஸும் போலனே வாசித்தது. கைத்தட்டல், டாம்பரின், மேலே கொஞ்சம் வயலின். அவ்வளவுதான். இந்தப் பாட்டுக்கு நான்காவது ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் உலோகக் கட்டை) கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி, போட்டு ஈ கார்டு வடிவத்தில் பிடிக்க வேண்டும்.

'எலக்ட்ரிக் வாரியர்' 1971 செப்டம்பரில் வந்தது. பதினொரு பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பேஸில் ஸ்டீவ் கரி, டிரம்ஸில் பில் லெஜண்ட், காங்காவில் ஃபின். இதை ஹெட்ஃபோனில் ஒருமுறை முழுக்க, அக்கூஸ்டிக் கிட்டாரை மட்டும் தேடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பெயரில்தான் எலக்ட்ரிக். 'காஸ்மிக் டான்சர்', 'கேர்ள்', 'லைஃப்ஸ் எ காஸ்' மூன்றும் அடிப்படையில் அக்கூஸ்டிக் பாட்டுகள். 'பிளானட் குவீ'னிலும் அடியில் அதுதான் ஓடுகிறது. 'காஸ்மிக் டான்ச'ரின் முடிவில் வருவது பின்னோக்கி ஓடவிட்ட எலக்ட்ரிக் கிட்டார். அதன் அடியில் அக்கூஸ்டிக் கை நிதானம் தவறாமல் போய்க்கொண்டே இருப்பதால்தான் அந்த மிதப்பு நமக்குத் தலைசுற்றலாக இல்லாமல் சுகமாக இருக்கிறது.

'கெட் இட் ஆன்' பாட்டில் விஸ்கான்டி எழுதிய வயலின் பகுதி, சிக்கனத்துக்கு நான் அறிந்த மிகச் சிறந்த பாடம். கோரஸில் ஜி, ஏ, ஈ என்று மூன்றே சுரங்கள். பியானோவில் விரலை இழுத்துச் சரிப்பது ரிக் வேக்மேன், சாக்ஸபோன் இயன் மெக்டொனால்ட், பின்னணியில் உச்சத்தில் பாடுவது தி டர்டில்ஸ் குழுவின் மார்க் வோல்மனும் ஹோவர்ட் கேலனும். பாட்டு தேயும் இடத்தில் சக் பெர்ரியின் 'லிட்டில் குயீனி'யிலிருந்து ஒரு வரியைப் போலன் முணுமுணுக்கிறார். ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஆறாம் கம்பியைத் திறந்து விட்டு, ஐந்தாம் கம்பியின் 2-ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை வையுங்கள். இரண்டையும் சேர்த்து இரண்டு தட்டு. ஆள்காட்டியை எடுக்காமலே மோதிர விரலை 4-ஆம் ஃபிரெட்டில் வைத்து இரண்டு தட்டு. இது போலனின் ரிஃப் அப்படியே அல்ல, அதன் எலும்பு. முதலில் அக்கூஸ்டிக்கில், மெட்ரோனோம் 90-இல், எல்லாத் தட்டும் கீழ்நோக்கி. நீளம்-குட்டை ஆட்டம் வராமல் நேராகத் தட்டினால் பாட்டு மார்ச் பாஸ்ட் ஆகிவிடும். உள்ளங்கை ஓரம் பிரிட்ஜின் (கம்பிகள் உடல்பலகையில் தாங்கி நிற்கும் கட்டை) மேலேயே பட வேண்டும். ஒரு விரல் அகலம் முன்னே நகர்ந்தாலும் சுரம் செத்து வெறும் தட்டல் மட்டும் மிஞ்சும். எலக்ட்ரிக்குக்குப் போகும்போது ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினைப் பத்துக்கு மூன்று, நான்கில் நிறுத்துங்கள். கெயினை ஏற்றினால் 4-ஆம் ஃபிரெட் சுரமும் திறந்த கம்பியும் குழம்பிக் கூழாகும். ஆல்பத்தில் கேட்கும் கனம் கெயினால் வந்ததல்ல, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்த கிட்டார்களால் வந்தது. மொபைலில் ஏதாவது பதிவு ஆப்பில் முதலில் அக்கூஸ்டிக்கை ஒரு டிராக்கில் பதியுங்கள். அதைக் கேட்டபடியே எலக்ட்ரிக்கை இன்னொன்றில் பதிந்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுங்கள். பாதி டி. ரெக்ஸ் அப்போதே வந்துவிடும்.

இங்கே நீலகிரியில் இதையெல்லாம் செய்வதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் கிட்டாரைக் கொண்டுவந்தால் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது மூடியபடியே கிடக்கட்டும். சட்டென்று குளிர் பட்டால் மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விழும். குளிரில் கம்பி சுருங்குவதால் சுருதி ஏறும், வாசித்துக் கை சூடு பட்டதும் இறங்கும். ஆகவே பத்து நிமிடம் வாசித்த பிறகே கடைசியாக டியூன் செய்யுங்கள்.

ஆடி மாதச் சாரலில் பெரிய பிரச்சினை ஈரப்பதம். மரம் ஊறி மேல்பலகை உப்பி, கம்பி உயரம் கூடும். 12-ஆம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பிக்குக் கீழே 2.5 மில்லிமீட்டர் சரியான அளவு. 3-ஐத் தாண்டினால் 'ரைட் எ ஒயிட் ஸ்வா'னுக்குக் கேப்போ போட்டதும் கம்பி அதிகம் இழுபட்டு எல்லாச் சுரமும் ஏறியே ஒலிக்கும். அதற்கு உடனே பிரிட்ஜ் எலும்பை ராவாதீர்கள். தை மாத வறட்சியில் பலகை மறுபடி இறங்கிக் கம்பி ஃபிரெட்டில் உரசும். பெட்டிக்குள் சின்ன டிஜிட்டல் ஈரப்பத மானியும் துணிப்பையில் நூறு கிராம் சிலிக்கா ஜெல்லும் வையுங்கள், பை மரத்தில் படாமல். 45 முதல் 55 சதவீதம் காட்டினால் போதும். நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் திரும்பப் பயன்படும்.

டுக் போலத் தோல் போட்ட பாங்கோஸ் வாசிப்பவர்களுக்கும் இதே கதை. மிஸ்ட் இறங்கினால் தோல் தொய்ந்து சுருதி விழும். பறையைத் தீயில் காய்ச்சுவதுபோல மிதமான சூட்டில் தள்ளிக் காட்டுங்கள். நட்டை முறுக்கி ஏற்றினால், வெயில் வந்ததும் தோல் இறுகிக் கிழியும்.

பழைய பங்களாக்களில் எர்த் இல்லாத இரண்டு ஓட்டை பிளக் இன்னும் இருக்கிறது. அதில் ஆம்பைச் செருகாதீர்கள். இரைச்சலைவிடப் பெரிய ஆபத்து ஷாக்.

எல்.பி.க்கு வருவோம். பூஞ்சை பிடித்த தட்டைக் கழுவ 800 மில்லி பேட்டரித் தண்ணீர் (டிஸ்டில்ட் வாட்டர், ஆசிட் அல்ல), 200 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பள்ளம் ஓடும் திசையிலேயே மென்துணியால் துடைத்து, வெறும் பேட்டரித் தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். 78 சுழற்சி அரக்குத் தட்டுகளில் இந்தக் கலவை படவே கூடாது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். தட்டுகளை நிமிர்த்தி, வெளிச்சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி அடுக்குங்கள். அந்துருண்டை வேண்டாம்; பக்கத்தில் சிடி இருந்தால் அதன் பெட்டி இளகும். அட்டையில் பூஞ்சை என்று வெயிலில் வைத்தால் 'எலக்ட்ரிக் வாரிய'ரின் கறுப்பும் தங்கமும் வெளுத்துவிடும்.

பலரும் 'போலன் குரல் இரைகிறது, பிரஸ்ஸிங் (தட்டை அச்சிட்ட தரம்) மோசம்' என்று சொல்வதற்கு இங்கே பெரும்பாலும் காரணம் குளிர்தான். மார்கழி இரவில் அறை பத்து டிகிரிக்கு வந்தால் கார்ட்ரிஜுக்குள் ஊசியைத் தாங்கும் ரப்பர் விறைக்கும். ஊசியால் பள்ளத்தின் நுண்ணிய வளைவுகளைத் தொடர முடியாது. போலன் மூச்சும் 'ஸ்' ஒலியுமாகப் பாடுபவர், அதனால் அவர் குரலில்தான் முதலில் தெரியும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் மோசமாகக் கேட்கும், ஏனென்றால் உள்வட்டத்தில் வளைவுகள் நெருங்கிவிடுகின்றன. 'எலக்ட்ரிக் வாரிய'ரில் முதல் பக்கம் 'லீன் வுமன் ப்ளூஸ்', இரண்டாம் பக்கம் 'ரிப் ஆஃப்'. அறையை இருபது டிகிரிக்குக் கொண்டுவந்து, முதலில் வேறு ஏதாவது ஒரு தட்டின் ஒரு பக்கத்தை ஓடவிட்டுப் பிறகு போலனைப் போடுங்கள். ஹீட்டரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வளைந்துவிடும். ஊசி எடையைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல் எல்லையில் வையுங்கள். 1.5 முதல் 2.5 கிராம் வரை என்றால் 2.5. எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு; குறைந்த எடையில் துள்ளும் ஊசிதான் பள்ளத்தைக் கீறுகிறது.

'எலக்ட்ரிக் வாரிய'ருக்குப் பிறகு 1972-இன் 'தி ஸ்லைடர்' கட்டாயம் வேண்டும், குறிப்பாக அக்கூஸ்டிக் கையைத் தேடுபவர்களுக்கு 'ஸ்பேஸ்பால் ரிகோஷே'. 1973-இன் 'டேங்க்ஸ்' நல்ல ஆல்பம்தான், ஆனால் அங்கே கிட்டாரின் இடத்தைக் கீபோர்டுகள் எடுக்கத் தொடங்கிவிட்டன. அதற்கும் பிந்தியவற்றில் 1977-இன் 'டாண்டி இன் தி அண்டர்வேர்ல்ட்' ஒன்றை மட்டும் முதலில் வாங்குங்கள்.