நாயின் காதில் ஓர் உண்ணி

நேற்று எங்கள் நாயின் காது மடலிலிருந்து எடுத்த உண்ணியை வெள்ளைத் தாளில் போட்டு, பூதக்கண்ணாடி வழியாக அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள்.

எட்டுக் கால்கள். ஆகவே பூச்சி அல்ல, சிலந்தியின் உறவு. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு.

தலை என்று நாம் நினைப்பது தலையே அல்ல! அது வெறும் வாயுறுப்புகளின் தொகுப்பு. மூளை உடலுக்குள் இருக்கிறது. நடுவில் நீளும் குழலில் பின்னோக்கி வளைந்த முட்கள், தூண்டில் முள்ளைப் போல. பிடுங்கும்போது அத்தனை பிடிவாதம் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது.

முதுகில் கெட்டியான ஓடு. ஆணுக்கு அது முதுகு முழுவதும். பெண்ணுக்கு முன்பகுதியில் மட்டும். மிச்சத் தோல் விரிந்துகொடுப்பதால் பெண் உண்ணி இரத்தம் குடித்துத் தன் எடையைப்போல் நூறு மடங்கு வரை பெருக்கும். என்னிடம் சிக்கியது பட்டாணி அளவு.

மூக்கு? முன்னங்கால் நுனியில் ஒரு சிறு குழி. அந்தக் குழியால்தான் நம் மூச்சுக்காற்றை மோப்பம் பிடிக்கிறது.