மூன்றாவது சந்திப்பு

சிங்கப்பூரில் ஒரு குடும்ப சேவை நிலையத்தில் ஆலோசகராக இருக்கும் எனக்கு அந்தத் தம்பதியை நினைத்தால் இன்னும் மனம் உறுத்தும். விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். முப்பதுகளில் இருந்த இருவரும் மாமியாரோடு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். முதல் சந்திப்பிலேயே மனைவி சொன்னார்: "எனக்கு இன்னொருத்தரும் இருக்கார் அக்கா. இவருக்குத் தெரியும். பேசி முடிவெடுத்ததுதான்." கணவரும் தலையாட்டினார்.

நான் குறிப்பேட்டில் 'கள்ளத்தொடர்பு' என்று எழுதினேன். வேறு சொல் வரவில்லை. தொடுப்பு, சின்ன வீடு, துரோகம் என்று நம்மிடம் இருப்பதெல்லாம் ஒளிவுமறைவுக்கான சொற்கள். சங்கப் பாடலில் பரத்தையிடம் போய்வந்த தலைவனோடு தலைவி ஊடுகிறாள். போகுமுன் அவளை யார் கேட்டார்கள்? 1961இல் மாதர் சாசனம் என்ற சட்டம் வரும்வரை இங்கே இந்து, சீன ஆண்கள் வழக்கப்படி பல மனைவியரை மணக்க முடிந்தது. பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. இவர்கள் சொன்னதோ மூவருக்கும் தெரிந்த, மூவரும் ஒப்புக்கொண்ட உறவு.

இரண்டு சந்திப்புகள் முழுக்க அந்த மூன்றாம் மனிதரைப் பற்றியே துருவினேன். மூன்றாவதில் மனைவியின் குரல் உயர்ந்தது. "அக்கா, மாமிக்கு மறதி நோய். ராத்திரி யார் பார்த்துக்கிறதுன்னு பேசத்தான் வந்தோம். அதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே."

மன்னிப்புக் கேட்டேன். என் ஒழுக்கக் கணக்கை அவர்களுடைய பிரச்சினையாக ஆக்கிவிட்டிருந்தேன்.

அப்புறம் நிறையப் படித்தேன். வெளியே உடலுறவுக்கு மட்டும் இடம் கொடுக்கும் ஓப்பன் மேரேஜ் வேறு, பலரைக் காதலிக்க இடம் கொடுக்கும் பாலியமரி வேறு. இப்போது எத்தனை பேர் என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியுமா, மனம் மாறினால் நிறுத்த முடியுமா, 'வேண்டாம்' என்று சொன்னால் யார் எதை இழப்பார் என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விதான் முக்கியம். கணவரின் வேலையை நம்பி, வெளிநாட்டு ஊழியரின் துணைக்குத் தரப்படும் தங்கும் அனுமதியான டிபென்டன்ட் பாஸில் இருந்த ஒரு பெண், அவர் கேட்டதற்கெல்லாம் 'சரி' என்றிருந்தார். மணம் முறிந்தால் அந்தப் பாஸும் போய்விடும். அந்தச் சரியை என்னால் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவரைத் தனியே சந்திக்க நேரம் ஒதுக்கினேன்.

அந்தத் தம்பதி நான்காவது முறையும் வந்தார்கள். மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் இரவுகளைத் தாளில் கட்டம் போட்டுப் பிரித்தோம். சனிக்கிழமைக் கட்டத்தில் மூன்றாம் மனிதரின் பெயரைக் கணவரே எழுதினார்.