மாமா குடிச்சதே இல்ல

போன மாசம் மாமாவோட வருஷ திதி. சாப்பிட்டு முடிச்சு கை கழுவிக்கிட்டே எங்க தெருக்காரர் ஒருத்தர் "ஈரல் கேன்சர்லாம் சும்மா வராது தம்பி, யாருக்கும் தெரியாம குடிச்சிருப்பாரு"ன்னு சொல்லிட்டுப் போறாரு. அத்தை அடுப்படியில நின்னு கேட்டுட்டுதான் இருந்தாங்க, ஒண்ணும் பேசல. அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

மாமா முப்பது வருஷம் மும்பையில தாராவியிலேருந்து மாட்டுங்கா வரைக்கும் சைக்கிள்ல இட்லி வித்தவரு. கேரியர்ல அலுமினிய டப்பா, ஹேண்டில்ல சட்னி தூக்கு, விடியறதுக்கு முன்னாடியே ஹார்ன் சத்தம் கேட்டுடும். ஒரு பாட்டில தொட்டு நான் பாத்ததில்ல. அவருக்கு இருந்தது ஹெபடைடிஸ் பி, ஈரலத் தாக்குற ஒரு வைரஸ். 2009ல ரத்த தானம் பண்ணப் போன இடத்துல தெரிஞ்சது, அப்ப போன ஆஸ்பத்திரியில எஸ்ஜிபிடி (ஈரல் கெட்டிருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) நார்மலா இருக்கு, நீங்க வெறும் கேரியர், அதாவது வைரஸ் இருக்கு ஆனா நோய் இல்ல, ஒண்ணும் பண்ண வேணாம்னு அனுப்பிட்டாங்க. அத நம்பி இவரும் ஊருக்குப் போறப்பல்லாம் கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடிச்சுட்டு விட்டுட்டாரு. (கீழாநெல்லிய வெச்சு சென்னையில பண்ணின ஆய்வு 1988ல லான்செட்ங்கிற பெரிய மருத்துவ இதழ்லயே வந்துச்சு, ஆனா அந்த ரிசல்ட் மத்த இடத்துல திரும்பப் பண்ணினப்ப வரல.)

நான் குர்லா பக்கம் ஒரு லேப்ல டெக்னீஷியன். தினமும் இந்த வைரஸுக்கு டெஸ்ட் போடுறவன், ஆனா மாமா போனப்புறம்தான் அத உக்காந்து படிச்சேன். ரொம்ப சின்ன வைரஸ், மொத்த டிஎன்ஏவே சுமாரா 3,200 எழுத்து, நாலே ஜீன். மூணோட வேலை தெரிஞ்சுது, நாலாவது எதுக்குன்னு புரியாததால எக்ஸ்னு பேரு வெச்சாங்க. அதுலேருந்து வர்ற புரோட்டீன் 154 அமினோ ஆசிட்தான். உள்ள வந்த வைரஸ் டிஎன்ஏவ நம்ம செல் சும்மா விடாது, எஸ்எம்சி 5/6ன்னு ஒரு புரோட்டீன் கூட்டம் அத வேலை செய்யவிடாம அமுக்கி வெச்சிடும். எக்ஸ் என்ன பண்ணுதுன்னா, செல்லுக்குள்ள வேண்டாத புரோட்டீன கழிச்சுக் கட்டுற டிடிபி1 கூட்டத்தோட சேந்துக்கிட்டு அந்தக் காவக்காரனையே அழிக்க வெச்சிடுது. இது 2016லதான் தெளிவாச்சு.

அடுத்ததுதான் முக்கியம். டிஎன்ஏ ரொம்ப கெட்டுப்போன செல் தானே செத்துடணும், அதுதான் உடம்போட ஏற்பாடு, பி53ன்னு ஒரு புரோட்டீன் அதுக்குப் பெரிய ஆளு. லேப்ல வளக்கற செல்லுல எக்ஸ விட்டுப் பாத்தா சில நேரம் பி53ய கட்டிப்போட்டு செல்ல சாகவிடாம பண்ணுது, சில நேரம் செல்லுக்கு சக்தி குடுக்கற மைட்டோகாண்ட்ரியாவுல போய் ஒட்டி கால்சியத்த குழப்பி சாவுப் பக்கமே தள்ளுது. முதல்ல படிச்சப்ப எனக்கு எரிச்சலாவே வந்துச்சு, ஒரே புரோட்டீன் கொல்லுதா காப்பாத்துதா? ஆனா ரெண்டுமே ஈரலுக்குக் கெடுதல்தான். செல் செத்தா (நெறைய செல்ல கொல்றது வைரஸ விரட்ட வர்ற நம்ம எதிர்ப்பு செல்லுங்கதான்) பக்கத்து செல் பிரிஞ்சு அந்த எடத்த ரொப்பணும், ஒவ்வொரு தடவ டிஎன்ஏ காப்பி எடுக்கும்போதும் தப்பு விழ வாய்ப்பு. சாக வேண்டியது சாகலன்னா தப்பு விழுந்த செல்லே நின்னு பெருகும். இது இருபது முப்பது வருஷம் சத்தமே இல்லாம நடக்குது. இதோட வைரஸ் டிஎன்ஏ துண்டு நம்ம குரோமோசோம்லயும் போய் சொருகிக்கும், கட்டியில பாத்தா பாதி வெட்டுப்பட்ட எக்ஸ் ஜீன் அங்க உக்காந்திருக்கறது சகஜம். அதனாலதான் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போறது) இல்லாமலே கேன்சர் வருது, மாமாவுக்கு அப்படித்தான் வந்துச்சு. எக்ஸ் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், 1991ல எக்ஸ் ஜீன் போட்ட எலிகளுக்கு ஈரல் கட்டி வந்துச்சு, வேற எலிகள்ல அது மட்டும் பத்தல. குடி இருந்தா நெலமை இன்னும் மோசமாகும், உண்மைதான். ஆனா குடி இல்லாமலும் வரும்.

மாமாவுக்குப் பாத்தப்புறம் ஆச்சிக்கும் அம்மாவுக்கும் ரத்தம் நானே எடுத்தேன். ரெண்டு டெஸ்ட் கார்டுலயும் ரெண்டு கோடு, அதாவது பாசிட்டிவ். அம்மாவோடதுல இரண்டாவது கோடு லேசாத்தான் இருந்துச்சு, டியூப் லைட்டுக்குக் கீழ சாச்சு சாச்சுப் பாத்தேன், இல்லாமப் போகாதான்னு. பிரசவத்துல அம்மாகிட்டேருந்து புள்ளைக்கு வந்தா நூத்துக்கு சுமார் தொண்ணூறு பேருக்கு அது நிரந்தரமா தங்கிடும், பெரியவங்களானப்புறம் வந்தா அஞ்சு பேருக்கும் கம்மி. பொறந்து 24 மணி நேரத்துக்குள்ள போடற ஊசிதான் அதத் தடுக்கறது. ஆச்சி காலத்துல அது ஏது, நாடு முழுக்க அரசுத் திட்டத்துல வந்ததே 2011லதான். எனக்கு நெகட்டிவ். என் தங்கச்சி புள்ளைக்கு லேபர் வார்டுலயே நின்னு போட வெச்சேன்.

அம்மா இப்ப டெனோஃபோவிர் சாப்புடுறாங்க, அரசுத் திட்டத்துல இலவசமா கிடைக்குது. மாத்திரை வைரஸ அடக்குது, ஆனா ஏற்கனவே சொருகிக்கிட்ட துண்ட எடுக்காது, அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன், கூட ஈரல் கேன்சர் வருதான்னு பாக்கற ஏஎஃப்பி ரத்த டெஸ்ட். இந்த போஸ்ட்ட தெரு வாட்ஸ்அப் குரூப்லயும் போடுறேன், அந்த அண்ணாச்சியும் அதுல இருக்காரு.

வர்ற செவ்வாய்க்கிழமை அம்மாவோட ஸ்கேன். வெறும் வயித்துல போகணும், காலைல ஒரு வாய் டீ குடிச்சுக்கலாமான்னு நேத்துலேருந்து மூணு தடவ கேட்டுட்டாங்க.