கிணற்றை மூடினாலும் பொறுப்பு மூடாது: கிளாஸ் 6 அனுமதி அனுபவம்

அமெரிக்காவில் கார்பன் டை ஆக்சைடை நிலத்தடியில் செலுத்திச் சேமிக்க கிளாஸ் 6 கிணற்று அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் பாறையியல் பகுதிக்குத்தான் எல்லோரும் மாதக்கணக்கில் உழைப்பார்கள். ஆனால் கேள்விகள் திரும்பத் திரும்ப வருவது பணப் பொறுப்புப் பகுதியில்.

அங்கே நான்கு செலவுகளைக் காட்ட வேண்டும்: சுற்றியுள்ள பழைய கிணறுகளைச் சரிசெய்வது, செலுத்தும் கிணற்றை அடைப்பது, செலுத்தி முடித்தபின் கண்காணித்து மூடுவது, அவசர நிலையைச் சமாளிப்பது. எல்லாமே வெளி ஒப்பந்தக்காரர் கேட்கும் விலையில் இருக்க வேண்டும். சொந்த ஆள், சொந்த ரிக் (துளையிடும் இயந்திரம்) என்று குறைத்துப் போடாதீர்கள். நிறுவனம் திவாலானாலும் வேலை நடக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பணம். விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் திருத்தவும் வேண்டும். இந்தப் பணத்துக்கு உத்தரவாதமாகக் காப்பீடு கொடுத்தால் ரத்து விதியைப் பாருங்கள்: பிரீமியம் கட்டாததற்கு மட்டுமே ரத்து செய்யலாம், அதுவும் அறிவிப்பு கிடைத்து 120 நாள் கழித்துத்தான்.

கணக்கு எகிறுவது பழைய கிணறுகளால். எண்ணெய் வயல்களில் பதிவேடே இல்லாத கிணறுகள் கிடக்கும். காந்தப்புல ஆய்வில் இரும்புக் குழாய் உள்ளவை தெரியும். குழாயை உருவி எடுத்துவிட்ட கிணறு தெரியாது. நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு அமிலமாகி சிமென்ட்டையும் இரும்பையும் அரிக்கும். புதுக் கிணற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. இலினாய் மாநிலம் டெக்கேட்டரில் அரித்துப்போய்க் கசிந்தது, கண்காணிக்கவென்றே போட்ட கிணறு. அனுமதி இல்லாத பாறை அடுக்குக்குள் வாயு போனது 2024-ல் வெளியே தெரிந்தது.

செலுத்துவதை நிறுத்தியபின் 50 ஆண்டு கண்காணிப்பு என்பது பொது விதி. குடிநீர் அடுக்குக்கு ஆபத்தில்லை என்று நிரூபித்தால் குறைத்துக் கேட்கலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது செய்யும் மறு ஆய்வில், வாயு எங்கே பரவும் என்று கணித்த மாடலும் உண்மையான அளவீடும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கோரிக்கை நிற்காது.

கண்காணிப்பு முடிந்து தளத்தையே மூடும் முன் 120 நாள் அறிவிப்பு, மூடியபின் 90 நாளுக்குள் அறிக்கை. எவ்வளவு, எந்த அடுக்கில், எந்தக் காலத்தில் செலுத்தினோம் என்பது நிலப் பத்திரத்திலேயே ஏற வேண்டும். நம்மூர் வில்லங்கம் மாதிரி, பின்னால் வாங்குபவர் கண்ணில் அது பட்டாக வேண்டும்.

இத்தோடு பொறுப்பு அரசுக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 சட்டத்தில், பொதுவாக 20 ஆண்டுக்குப் பின், அதற்கு வழியுண்டு. அமெரிக்கக் கூட்டாட்சியின் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி மாற்ற அதிகாரமே இல்லை. நார்த் டகோட்டா மாதிரி சில மாநிலங்கள்தான் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. அங்கே குறைந்தது 10 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே முதல் கிணறு தோண்டும் முன்பே, மூடியபின் யார் செலவு ஏற்பது என்பதை நில உரிமையாளர் குத்தகையிலும் வாயு அனுப்பும் ஆலையின் ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிவிடுங்கள்.